சம்பந்தி விமானத்தின் கண்ணாடி

சேலையூர்,
தலை தீபாவளிக்கு மறுநாள்.

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய சம்பந்தி ஸ்ரீநிவாசன் அவர்களுக்கு, ஜெயகிருஷ்ணன் அநேக நமஸ்காரம். இங்கே எல்லோரும் க்ஷேமம்; குன்றத்தூர் முருகன் அருளால் அங்கேயும் அப்படியே என்று நம்புகிறேன். குழந்தைகளின் தலை தீபாவளி நல்லபடியாக நடந்தது. இனிப்பே ஆகாது என்று சொல்லிச் சொல்லியே மாப்பிள்ளை பத்ரி அதிரசத் தட்டைக் காலி செய்தார்.

நிற்க. இப்படி எழுதிவிட்டேனே தவிர, எனக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. எங்கள் கொலுவுக்காக நீங்கள் கொடுத்தனுப்பிய குட்டி விமானம் இன்று மாலை மாப்பிள்ளையோடு திரும்பி வருகிறது. நீங்களே துண்டு துண்டாக ஒட்டிச் செய்தது, ஞாயிற்றுக்கிழமை உங்கள் விமானப்படை நண்பர்கள் கூடும்போது நடுமேஜையில் வைக்கப் போவது என்பதெல்லாம் தெரியும். அதனால்தான் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

கொலுவில் சீரியல் பல்பு மாட்டும்போது என் முழங்கை பட்டு, விமானி தலைக்கு மேல் மூடுகிற பிளாஸ்டிக் கண்ணாடி கழன்று விழுந்தது. உடையவில்லை. நான் வேதியியல் வாத்தியார், ஒரு பசை விஷயம் எனக்குத் தெரியாதா என்று உடனே ஒட்டுகிற பசையை இரண்டு சொட்டு விட்டு ஒட்டினேன். காலையில் பார்த்தால் பசையின் ஆவி படிந்து கண்ணாடி முழுக்க வெள்ளை. "ஏன்னா, மார்கழி இன்னும் வரலையே, அதுக்குள்ள பனியா?" என்றாள் அபிதா. வெற்றிலை பாக்கு வாங்க வந்த மாமிகள் வேறு குனிந்து குனிந்து பார்த்தார்கள். விமானத்தின் மூக்கைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன், அப்புறம் கண்ணாடியை நெம்பிக் கழற்றித் தேங்காய் எண்ணெய் தடவினேன், மாயம் மாதிரி பளிச்சென்று ஆயிற்று, நிம்மதியாகக் காப்பி குடித்தேன், மறுநாள் எறும்புகள் வரிசையில் நின்று விமானத்தில் ஏறிக்கொண்டிருந்தன. குத்துவிளக்கு பளபளக்கிறதே என்று விபூதி போட்டுத் தேய்த்ததில் மங்கலோடு கீறலும் சேர்ந்துகொண்டது. கடைசியில் உங்கள் மருமகள் ஸஹானாதான் யூடியூபில் தேடி வழி சொன்னாள்: தண்ணீர் விட்டு மிக நைசான உப்புத்தாளில் தேய்க்க வேண்டும், பிறகு பற்பசை, பிறகு தரைக்குப் போடும் திரவப் பாலிஷில் ஒரு முக்கு. பாலிஷுக்காகப் பம்மல் வரை ஷேர் ஆட்டோவில் போனேன். "இன்னா சார், ஏரோப்ளேனுக்குத் தரை பாலிஷா? வூட்ல எல்லாம் நல்லா கீறாங்களா?" என்று கடைக்காரர் என் முகத்தையே பார்த்தார்.

முக்கி எடுத்துத் தூசு படாமல் சல்லடையால் மூடிக் காய வைத்தேன். மூடிய சல்லடையை நான் அடிக்கடி தூக்கிப் பார்ப்பதால்தான் தூசு விழுகிறது என்று அபிதா என்னைக் கோயிலுக்குத் துரத்தினாள். திரும்பி வந்து பார்த்தால், சம்பந்தி, கண்ணாடி இருப்பதே தெரியவில்லை! உள்ளே நீங்கள் வரைந்திருக்கும் விமானியின் மீசை தெரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெறும் வெள்ளைப் பசையால் ஒட்டி, என் கை இனி படக் கூடாது என்று, பத்திரமாக வைக்கும் பொறுப்பை அபிதாவிடமே கொடுத்துவிட்டேன். ஆகவே பழையதைவிடத் தெளிவான கண்ணாடியோடு உங்கள் விமானம் வருகிறது. மன்னித்ததாக ஒரு வார்த்தை போனில் சொன்னால் இன்றிரவு தூங்குவேன்.

சம்பந்தி மாமிக்கு எங்கள் இருவரின் நமஸ்காரம். வீட்டில் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் தீர்க்காயுசாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஜெயகிருஷ்ணன்

பி.கு.: உறையை ஒட்டும் முன் விமானத்தை எடுத்து வரச் சொன்னேன். கொலு முடிந்ததும் அபிதா அதைப் பழைய பட்டுப்புடவையில் சுற்றி, பொம்மைகளோடு தகரப் பெட்டியில் வைத்து, பூச்சி வராமலிருக்கக் கை நிறைய அந்துருண்டையும் போட்டு மூடியிருக்கிறாள். இந்தப் பிளாஸ்டிக்குக்கு அந்துருண்டை ஆகாது என்பது வேதியியல் வாத்தியாருக்குப் பெட்டியைத் திறந்த பிறகு புரிந்தது. கண்ணாடி கெட்டி மோராக வெளுத்துவிட்டது. இறக்கை இளகிப் புடவையின் ஜரிகை அப்படியே பதிந்திருக்கிறது. "பார்டர் நன்னாத்தானே இருக்கு" என்கிறாள். மேலே எழுதியதில் நமஸ்காரங்களை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மறந்துவிடுங்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அதே வண்டியில் ஸஹானாவும் வருகிறாள். உங்கள் விமானத்தை நாங்கள் பார்த்துக்கொண்ட மாதிரி எங்கள் பெண்ணை நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டாம்.