நாலாவது கால்

நல்லதாக ஒன்றைக் கண்டால் அதை ரசித்துவிட்டுச் சும்மா நகரத் தெரியாத ஓர் இனம் நம்மிடையே உலவுகிறது. பக்கத்து வீட்டு ஊறுகாய் ருசியாக இருந்தால், "இதை வெச்சு பெருசா பண்ணலாமே" என்பார்கள். எதிர்வீட்டுப் பெண் குளிக்கும்போது பாடினாலும் அதையேதான் சொல்வார்கள். இழவு வீட்டில் உருக்கமாக ஒப்பாரி வைக்கும் அம்மாளைக்கூட அவர்கள் கண் கேசட்டாகத்தான் பார்க்கும். ஆக்கத் தெரியாது, அடுத்தவர் ஆக்கியதை விட்டுவைக்கவும் தெரியாது.

புதுச்சேரியில் இந்த இனத்தின் தலைமகன் விஜயராகவன். இரண்டாயிரத்து மூன்று, நாலு வாக்கில் அவருக்கு ஒரு யோகம் அடித்தது. தொலைபேசி அலுவலகத்தில் வேலை பார்த்த அவருடைய கொழுந்தியாள் அமுதவல்லி பிள்ளைகளுக்காக ஒரு கதை எழுதினாள். கடலில் மூழ்கும் சிறுமியைக் காப்பாற்றுவதற்காகக் கோயில் தூணிலிருந்து பிய்த்துக்கொண்டு பாய்கிறது ஒரு யாளி. அவசரத்தில் அதன் முன்னங்கால் ஒன்று கல்லோடு தங்கிவிடுகிறது. மூன்று காலோடு அது போன இடமெல்லாம் பாகம் பாகமாக வளர்ந்தது கதை. காலாப்பட்டிலிருந்து தேங்காய்த்திட்டு வரை பிள்ளைகள் ஒரு கையை மடக்கிக்கொண்டு தெருவில் தவழ்ந்து ஓடி உறுமினார்கள்.

விஜயராகவன் கதையில் ஒரு பக்கமும் படிக்கவில்லை. உறுமலை மட்டும் கேட்டார். போதாதா?

"அமுதா, இதை வெச்சு பெருசா பண்ணலாம்மா. நீ எழுதறதை மட்டும் பாரு. மத்ததை மாமா பாத்துக்கறேன்."

பேரம் பேசுவதென்றாலே அவளுக்குத் தலைவலி. யாளியை வைத்துப் பொருள்கள் செய்யக் கம்பெனிகளுக்கு உரிமை தரும் அதிகாரத்தை அவர் பேருக்கே எழுதிக் கொடுத்துவிட்டாள். அவ்வளவுதான், யாளி புத்தகப் பையில் ஏறியது, டிபன் பாக்ஸில் படுத்தது, தண்ணீர் பாட்டிலைச் சுற்றிக்கொண்டது, குடையில் விரிந்தது, பனியனில் சுருங்கியது, கடைசியில் ஒரு பல்பொடி டப்பாவில் பல்லை இளித்தது. பிறகு பொம்மை வந்தது.

அமுதவல்லி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மாமா, இதுக்கு நாலு காலு இருக்குதே?"

"ஆமாம்மா, அம்சமா இருக்குதில்ல?"

"யாளிக்கு மூணு காலுதான் மாமா. கதையே அதுதான்."

"கதையில மூணு இருக்கட்டும், யாரு வேணான்னா? கடையில மூணு காலோட நின்னா டேமேஜ் பீஸுன்னு திருப்பி அனுப்பிடுவாங்க. சின்ன மாத்தம்தான்."

சின்ன மாத்தம்! வீட்டை இடித்துவிட்டு வாசற்படியை மட்டும் மிச்சம் வைத்தாலும் இந்த இனத்துக்கு அது சின்ன மாத்தம்தான். அமுதவல்லி அன்றைக்கு அக்கா வீட்டில் சாப்பிடாமலேயே கிளம்பினாள். பூரிப்பில் அமுதாவுக்குப் பசியே எடுக்கவில்லை என்று மனைவியிடம் சொன்னார் விஜயராகவன்.

அடுத்து, சென்னையிலிருந்து ஒரு தயாரிப்பாளர் வந்தார். டிவி தொடராக எடுக்க ஆசை. அந்த உரிமைக்கு மட்டும் அமுதவல்லியே கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

"யாளின்னா கிராபிக்ஸ் செலவு தாங்காது சார்," என்றார் தயாரிப்பாளர். "அதுக்குப் பதிலா ஒரு தாய்மாமனை வெச்சுக்கலாம். பாசக்காரர், கொஞ்சம் கோவக்காரர், நல்ல மீசை."

விஜயராகவன் தன்னையறியாமல் மீசையைத் தடவிக்கொண்டார். சின்ன மாத்தம்தானே?

கையெழுத்துப் போட அமுதவல்லியை அழைத்துப் போகும் வழியில், தயாரிப்பாளருக்கு ஒரு பொம்மை கொடுக்கலாமே என்று நேரு வீதியில் ஆதிமூலத்தின் பொம்மைக் கடைக்குள் நுழைந்தார். ஆதிமூலம் ஒரு சின்ன ரம்பத்தால் புத்தம்புது யாளியின் முன்னங்காலை அறுத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் சூழ்ந்து நின்றார்கள்.

"என்னாய்யா பண்றே!" என்று அலறினார் விஜயராகவன்.

"வாங்கினதும் மொத வேலையா காலை ஒடைக்குதுங்க சார். சில பொம்மைக்கு வயிறே பொளந்துடுது. அதான் நானே பதமா அறுத்துத் தர்றேன். இல்லன்னா வாங்க மாட்டேன்னுதுங்க."

அமுதவல்லி அறுத்த பொம்மை ஒன்றை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். பல நாளாக அவள் முகத்தில் இல்லாத தெளிவு அப்போது வந்திருந்தது.

கடற்கரை ஓட்டலில் தயாரிப்பாளர் தாய்மாமன் கதையை அவளிடமும் சொல்லி முடித்துப் பேனாவை நீட்டினார்.

"தாய்மாமனுக்கு எத்தினி காலு சார்?" என்று கேட்டாள்.

அவர் சிரித்தார். "ரெண்டுதான் மேடம்."

"என்னுதுக்கு மூணு. வேணாம் சார்." பிறகு விஜயராகவன் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு எழுதிக் குடுத்ததையும் ரத்து பண்ணிடப் போறேன் மாமா. புள்ளைங்க அறுத்துச் சரிபண்ற பொருளை என் பேருல விக்கக் கூடாது."

விஜயராகவனுக்கு நிஜமாகவே கண் கலங்கியது. "உன் நல்லதுக்குத்தானேம்மா ஓடினேன்..." பொய்யில்லை. இந்த இனத்தின் கொடுமையே அதுதான். உண்மையான பாசத்தோடுதான் கெடுப்பார்கள்.

கடற்கரைச் சாலையில் இருவரும் நடந்தார்கள். தலை தொங்கி வந்தவரைப் பார்க்க அவளுக்கே பாவமாக இருந்தது. "கோவமா மாமா?"

அவர் சட்டென்று நின்றார். முகம் மெல்ல மலர்ந்தது.

"ஆதிமூலம் கடையில அறுத்த காலெல்லாம் ஒரு டப்பாவுல கெடந்துதே, பாத்தியா?"

"பாத்தேன்."

"அதுல ஒரு வளையம் மாட்டினா சாவிக்கொத்து! தூணுல தங்கிப்போன காலுன்னு சொல்லி... அமுதா, இதை வெச்சு பெருசா பண்ணலாமே!"

அமுதவல்லி சிரித்த சிரிப்பில் கடற்கரைச் சுவரில் உட்கார வேண்டியதாயிற்று. ஆனாலும் மறுநாள் முதல் வேலையாக ரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

சரி, அவரைப் பார்த்துச் சிரித்தது போதும். சாவிக்கொத்து என்று படித்ததும், 'அட, நல்ல யோசனையா இருக்கே' என்று உங்களுக்கு ஒரு நொடி தோன்றியதா, இல்லையா? தோன்றியிருந்தால், தயவுசெய்து உங்கள் வீட்டில் பாடுகிறவர்களையும் வரைகிறவர்களையும் ஊறுகாய் போடுகிறவர்களையும் கொஞ்சம் உஷாராக இருக்கச் சொல்லுங்கள்.