நான் பெற்ற பெண்ணும் பிரேக் இல்லாத சைக்கிளும்

பேரன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு,

உன் தம்பி வணங்கி எழுதுவது. நீயும் அத்தானும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் இதை எழுதத் துணிகிறேன். இங்கேயும் எல்லோரும் சௌக்கியம் என்று எழுத ஆசைதான். ஆனால் நீ நம் பெண்ணுக்குப் பார்த்துச் சொன்ன டிராயிங் மாஸ்டருக்கு வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு போட்டிருக்கிறது. எனக்கும் முழங்காலில் கொஞ்சம் அடி, அது வேறு விஷயம். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் என்றால் முதல் வரியிலேயே நீ பேச ஆரம்பித்துவிடுவாய், நான் 'ம்' கொட்டிவிட்டு வைக்க வேண்டியதுதான். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

விவகாரமெல்லாம் உன் செல்ல மருமகள், அதாவது நான் பெற்ற பெண், வைத்திருக்கும் சைக்கிளால் வந்தது. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துச் சம்பாதித்ததில் போன வருடம் வாங்கினாள். பந்தயத் திடலில் வட்டம் சுற்றுவதற்கென்றே செய்த சைக்கிளாம், இவள் அதைத் தெருவில் ஓட்டுகிறாள். அதில் பிரேக் கிடையாது. கழன்று விழுந்துவிட்டது என்று நினைக்காதே, செய்யும்போதே வைக்கவில்லை. பெல் இல்லை, மட்கார்டு இல்லை, ஸ்டாண்டு இல்லை, கேரியர் இல்லை. சக்கரம் சுற்றுகிற வரைக்கும் பெடலும் சுற்றும், பெடலோடு காலும் சுற்றும், இறக்கத்தில்கூட காலுக்கு ஓய்வு கிடையாது. நிறுத்த வேண்டுமென்றால் பெடலைக் காலாலேயே எதிர்த்து அழுத்தி, பின் டயரை ரோட்டில் தேய்த்துக்கொண்டே நிற்க வேண்டும். மாதத்துக்கு ஒரு டயர் தேய்கிறது. கேட்டால், "அதுதாம்பா சுத்தமான சைக்கிள். மிதிக்காம உருண்டு போறதெல்லாம் ஏமாத்து வேலை" என்கிறாள். கியர் வைத்தவன் சோம்பேறியாம், கூடை வைத்தவன் மளிகைக் கடையாம், மோட்டார் வைத்தவனைப் பற்றிப் பேசவே கூடாதாம். இவ்வளவு பெரிய மனுஷியின் சைக்கிளை வாசலில் வைக்கலாமா? கூடத்தில் எங்கள் கல்யாணப் போட்டோவைக் கழற்றிவிட்டு அதே ஆணிக்குப் பக்கத்தில் கொக்கி அடித்து மாட்டியிருக்கிறாள். நானும் என் வீட்டுக்காரியும் இப்போது பீரோவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நிற்கிறோம்.

நான் யார்? பஸ் டெப்போவில் இருபத்தொன்பது வருடமாக பிரேக் இன்ஸ்பெக்டர். என் கையெழுத்து இல்லாமல் ஒரு பஸ் கேட்டைத் தாண்டாது. தினமும் காலையில் நான் ஏதாவது ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருக்கும்போது இவள் டெப்போ வாசல் வழியாகப் பிரேக் இல்லாமல் போகிறாள். என்னிடம் திட்டு வாங்கிய டிரைவர்கள் எல்லாம் வரிசையாக நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். "சார், உங்க பொண்ணு போகுது, கையெழுத்துப் போட்டீங்களா?" என்று ஒருத்தன் கேட்டான். மானம் கப்பலேறிவிட்டது அக்கா. மானம் போனால்கூடப் பரவாயில்லை. ஒவ்வொரு நாளும் அவள் வீட்டுக்கு வந்து அந்தக் கொக்கியில் சைக்கிளை மாட்டுகிற சத்தம் கேட்கிற வரைக்கும் எனக்கு டீ இறங்குவதில்லை. அதனால்தான் நீ சொன்ன இடமாவது அமையட்டும், கட்டிக்கொள்கிறவர் சொன்னாலாவது கேட்பாள் என்று ஆசைப்பட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் வந்தார், சைக்கிளில்தான் வந்தார். நான் சந்தோஷப்பட்டு வாய் மூடுவதற்குள் இவள் மாடி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்து, "அப்பா, ஸ்டாண்டு இருக்குப்பா!" என்றாள், ஏதோ அவருக்குக் கொம்பு முளைத்திருக்கிற மாதிரி. அப்புறம், "செயினுக்கு மூடி போட்டிருக்கார். கூடை வேற. சீட்டுக்கு உறை!" ஆளைப் பார்க்கவே இல்லை அக்கா, முகம் எப்படி இருக்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை! அவரோ பாவம், மரியாதைக்கு இரண்டு தடவை பெல் அடித்தார். இவள் தலையில் அடித்துக்கொண்டாள். டீ குடித்து முடித்ததும், "நீர்த்தேக்கம் வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வரலாமா?" என்று அவரைக் கேட்டாள். மேட்டில் மூச்சு வாங்க வைத்து அனுப்பிவிடலாம் என்ற திட்டம், எனக்குத் தெரியாதா? நானும் ஷெட்டிலிருந்து என் பழைய சைக்கிளை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டு பின்னால் போனேன். வேவு பார்க்க இல்லை, சும்மா காத்து வாங்க.

சிக்னல்ல பாரு கூத்தை. சிவப்பு விழுந்தா இந்தப் பிரேக் இல்லாத சைக்கிள்காரங்க காலை ஊனக் கூடாது, ஊனினா கௌரவம் போயிடும். அதனால இவ ஹேண்டிலை இப்படியும் அப்படியும் திருப்பிக்கிட்டு, பெடலை முன்னும் பின்னும் அசைச்சுக்கிட்டு, ஒரே இடத்துல தள்ளாடிக்கிட்டு நிக்கிறா. மாஸ்டர் பக்கத்துல ஒழுங்கா காலை ஊனி நின்னவர், இவளைப் பார்த்துப் பதறிப்போய், "என்னங்க, விழுந்துடுவீங்க போலிருக்கே, என் தோளைப் பிடிச்சுக்குங்க"ன்னார். எவ்வளவு நல்ல மனசு! இவ முகம் போன போக்கைப் பார்க்கணுமே!

மேலே போனா இவ சைக்கிள் சங்கத்துக்காரங்க நாலு பேர், ஒத்தைக் கால் பேண்ட்டை மட்டும் மடிச்சுவிட்டுக்கிட்டு நிக்கிறாங்க. அவங்க தலைவனுக்கு 'கிராம்'னு பேரு. சைக்கிள்ல எதையெல்லாம் அறுத்தா எத்தனை கிராம் குறையும்னு கணக்குப் போட்டு, ஹேண்டிலை ரெண்டு பக்கமும் அறுத்து, சீட்டுக் கம்பியில ஓட்டை போட்டு வச்சிருக்கான். ஆளு என்னவோ தொண்ணூறு கிலோ இருப்பான். அவன் மாஸ்டரோட கூடையைப் பார்த்துட்டு, "இது எத்தனை கிலோ பாஸ்?"னு கேட்டான். மாஸ்டர் யோசிச்சு, "பேப்பரோடவா, பேப்பர் இல்லாமலா?"ன்னார். சிரிச்சாங்க பாரு ஒரு சிரிப்பு! உடனே உன் மருமக கிராமைப் பார்த்து, "பிள்ளைங்க வரைஞ்ச பேப்பர் மட்டும் நாலு கிலோ, அதோட மேடு ஏறி வந்திருக்கார். நீ ஒரு தேங்காயை வச்சுக்கிட்டு ஏறு பாப்போம்"னா. பொது இடத்துல பேசற பேச்சா இது? யார் மேல கோவம்னே தெரியாம கத்தறா.

இனிதான் விஷயமே. இறக்கத்துல மாஸ்டர் முன்னால, பெல் அடிச்சுக்கிட்டே நிதானமா போனார். அடிவாரத்துல ஒரு அம்மா தள்ளுவண்டியில குழந்தையோட குறுக்கே வந்தாங்க. அவர் பிரேக் பிடிச்சு ஒழுங்கா நிறுத்தினார். அந்த நேரம் பார்த்துப் பின்னாலேர்ந்து பிரேக் இல்லாம ஒரு சைக்கிள் வந்து மோதி, மனுஷன் கூடையோட கீழே விழுந்து, பிள்ளைங்க வரைஞ்ச யானையும் வீடும் ரோடு பூரா பறந்து, மணிக்கட்டு எலும்பு விட்டுப் போச்சு. எந்தச் சைக்கிள்னு நான் வேற வாயால சொல்லணுமா? ஆஸ்பத்திரியில டாக்டர் கேட்டதுமே உன் மருமக, "நான்தான் டாக்டர், பின்னாலேர்ந்து மோதிட்டேன்"னு ஒத்துக்கிட்டா. அந்த மட்டும் நேர்மை இருக்கு. மாஸ்டரைக் கேட்டா, "நான் சரியா பாக்கல"ன்னுட்டார். அவங்க அம்மா ஓடி வந்து, "பிரேக் இல்லாத பொண்ணு எங்க வீட்டுக்கு வேண்டாம்"னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டுப் போயிட்டாங்க. என்னத்தைச் சொல்ல?

ஆகவே அக்கா, அவர்கள் உன் மூலம் முறையாக 'வேண்டாம்' என்று சொல்லியனுப்புவதற்குள் நாமே கௌரவமாக விலகிக்கொள்வது நல்லது. மாஸ்டரின் அம்மாவிடம் என் சார்பில் வருத்தம் தெரிவித்துவிடு. உன் மருமகளுக்கும் கறாராக நாலு வரி எழுது. பிரேக் போட்டால்தான் இனி கல்யாணப் பேச்சு. நீ சொன்னால் கேட்பாள், நான் சொன்னால் சிரிக்கிறாள்.

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல். பிள்ளைகள் நீண்ட ஆயுளோடு, இரண்டு பிரேக்கும் பிடிக்கிற சைக்கிளில் பள்ளிக்கூடம் போய் வர என் ஆசிகள்.

இப்படிக்கு,
மனம் நொந்த உன் தம்பி

பின்குறிப்பு: மேலே எழுதினதை ஒட்டி, ஸ்டாம்ப் போட்டு, தபால் பெட்டி வரைக்கும் நொண்டிக்கிட்டுப் போனேன் அக்கா. போட முடியல. வீட்டுக்கு வந்து பிரிச்சு இதை எழுதறேன்.

மோதினது நான். அவ எனக்கு முன்னாலேயே டயரைத் தேய்ச்சு, மாஸ்டருக்கு ரெண்டடி தள்ளி சுத்தமா நின்னுட்டா. நான் பிரேக்கை அழுத்தினேன், லிவர் ஹேண்டிலோட ஒட்டிக்கிச்சு, சைக்கிள் பாட்டுக்குப் போகுது. "விலகு, விலகு"ன்னு கத்தினேன். மாஸ்டர் திரும்பி என் முகத்தை நேருக்கு நேரா பார்த்தார், அப்புறம்தான் விழுந்தார். பிரேக் கட்டை தேய்ஞ்சு இரும்பு தெரியுது. கடைசியா எப்பப் பார்த்தேன்னு எனக்கே ஞாபகம் இல்ல.

டாக்டர் கேட்டப்ப நானும் பக்கத்துலதான் நின்னேன். வாயைத் திறக்கல. "ஏம்மா அப்படிச் சொன்னே?"ன்னு வீட்டுக்கு வந்து கேட்டேன். "நாளைக்கும் நீங்க கையெழுத்துப் போடணும்லப்பா"ன்னா. மாஸ்டருக்குப் போன் பண்ணிக் கேட்டேன். "உங்க பொண்ணு சொன்னதுக்கு மாறா நான் எப்படி சார் சொல்றது?"ன்னார். ரெண்டு பேரும் கலந்து பேசவே இல்ல அக்கா, ஒரே பொய்யைச் சொல்லியிருக்காங்க, எனக்காக.

காலையிலேர்ந்து ஜன்னல்கிட்டயே நிக்கறா. கேட்டா ஒண்ணும் இல்லங்கிறா. அவளுக்கு அவரைப் பிடிச்சிருக்கு, நான் என்ன குருடா? விலகிக்கலாம்னு எழுதினதை அடிச்சுட்டதா நினைச்சுக்கோ. இது உன் கைக்குக் கிடைச்சதும் செருப்பை மாட்டிக்கிட்டு நேரா அவங்க அம்மாகிட்ட போ. மோதினது பொண்ணு இல்ல, பொண்ணோட அப்பன்னு சொல்லு. என் உத்தியோகம் என்னன்னு கேட்டா அதையும் சொல்லிடு.