எழுபது ஆச்சா?

இன்னும் ஒரு தடவை கம்ப்யூட்டர் அணைந்தால் கொச்சிதான். விடுதி அறை, வாரக் கடைசி ரயில். நான் போனால் இந்த வீட்டில் யாருக்காவது தெரியுமா?

ஸ்ரீப்ரியா இப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்தது. பாதி முடித்த இன்ஷூரன்ஸ் கணக்கு போயிற்று. உடனே கொச்சி ஆபீஸிலிருந்து மேலாளர் ஜிபினின் போன்.

“பின்னயும் கம்ப்யூட்டர் அணைஞ்சு போயோ? இப்படின்னா இங்க வந்து உக்காந்துதான் வேலை பாக்கணும், கேட்டோ.”

சத்தம் போடுகிறதென்று கம்ப்யூட்டர் பெட்டியைக் கணவன் ஹரிகுமார் சுவருக்கு அந்தப்பக்கம், ஸ்டோர் ரூமில் வைத்திருந்தான். வயர்கள் மட்டும் ஜன்னல் வழியாக அவள் மேசைக்கு வரும். வேலை நேரத்தில் எழுந்துபோக முடியாது. சாயங்காலம் திறந்து பார்த்தால் உள்ளே தூசிகூட இல்லை. சூட்டில் அணைகிறது, அதுவரை தெரியும்.

சூட்டை அளக்க, சாலைக் கடைத்தெருவில் ஒரு மைக்ரோகண்ட்ரோலர் போர்டும் தீப்பெட்டி அளவுத் திரையும் வாங்கினாள். வீடியோ பார்த்து, விரலைச் சுட்டுக்கொண்டு வயர்களைப் பற்றவைத்து, சோப்பு டப்பாவுக்குள் பொருத்தினாள். கம்ப்யூட்டரின் சூடு மேசைமேல் நீல எண்ணாக எரிந்தது.

“அம்மைக்கு பிரஷர் பாக்க ஆளில்ல. கம்ப்யூட்டருக்கு நர்ஸ் போட்டாச்சு,” என்றான் ஹரிகுமார்.

வேலை நேரத்தில் அவள் அறைப் பக்கமே வராத மாமியார் சரஸ்வதியம்மாள், மறுநாள் வந்து நின்றார்.

“அது என்னது மக்ளே?”

“கம்ப்யூட்டர் எவ்வளவு சூடுன்னு காட்டும், அத்தை.”

“ஓ. இப்ப எத்தற?”

“அறுபத்தெட்டு.”

“எழுபது ஆனா சொல்லணும், என்னா?”

கல்யாணமான நாளிலிருந்து ஸ்ரீப்ரியாவின் வேலையைப் பற்றி அத்தை கேட்ட முதல் கேள்வி. அன்றைக்கே எழுபதில் ‘பீப்’ அடிக்கும்படி செய்துவைத்தாள். பீப் கேட்டதும் அத்தை அடுக்களையிலிருந்து ஸ்டோர் ரூமுக்கு ஓடுவார். பாவம், எனக்காக எப்படிப் பதறுகிறார் என்று உருகினாள்.

எண் மட்டும் இறங்கவில்லை. பெட்டியின் மேல்பக்கம் ஒரு ஃபேன் பொருத்தினாள். எண்பத்திரண்டு. இன்னொரு ஃபேன். எண்பத்தெட்டு. உலகத்தில் ஃபேன் போட்டுச் சூடேறுவது தன் வீட்டில் மட்டும்தான் என்று தோன்றியது.

மழை விடாமல் பெய்த ஒரு காலை. தொண்ணூற்றாறு. திரை கறுத்தது. ஸ்ரீப்ரியா ஸ்டோர் ரூமுக்கு ஓடினாள். வாசலில் எதிர்வீட்டு அஸ்வதி, கையில் மூடிய பாத்திரத்தோடு நின்றாள்.

“அக்கா, எழுபது ஆச்சா? எங்க மாவையும் வெச்சுக்கட்டா?”

உள்ளே, இரண்டு ஃபேன்களையும் அடைத்துக்கொண்டு, துண்டு சுற்றிய பெரிய எவர்சில்வர் பாத்திரம் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் அத்தை.

“கர்க்கடக மாச மழைல மாவு பொங்கவே மாட்டேங்கு மக்ளே. வீட்ல சூடுள்ள எடம் இது ஒண்ணுதான். மொதல்ல இருந்தே இங்கதான் வைக்கேன், இப்ப பீப் கேட்டா ஓடி வருவேன். நீ காத்தாடி வெச்ச பெறவு நல்ல சூடு, அதான் பாத்திரத்தையும் பெருசாக்கினேன்.”

“ஐயோ அத்தை! இதனாலதான் என் கம்ப்யூட்டர் அணையுது!”

அத்தையின் முகம் வாடியது. “அப்படியா? தெரியாம போச்சே. தெரு முழுக்கச் சொல்லி வெச்சிருக்கேன், மாவுக்குச் சூடு பாக்க எம் மருமவளே செஞ்ச மெஷினாக்கும்னு.”

“ஆமாக்கா, நம்ம ஸ்ரீவராகம் ஏரியா பூரா அதான் பேச்சு,” என்றாள் அஸ்வதி.

ஸ்ரீப்ரியா கோபத்தைத் தேடிப் பார்த்தாள். வந்த வழியே போயிருந்தது. பாத்திரத்தை இறக்கி, பெட்டியை அடைக்காமல் ஃபேன் காற்று மட்டும் படும்படி சுவரின் மேல்தட்டில் வைத்தாள். அஸ்வதியின் பாத்திரத்தையும் பக்கத்தில் வைத்தாள். கம்ப்யூட்டரைப் போட்டாள். ஜன்னல் வழியாக மேசைமேல் தெரிந்த எண் ஏறி, எழுபதில் நின்றது.

போன் அடித்தது, ஸ்பீக்கரில் போட்டாள். ஜிபின்.

“ஸ்ரீப்ரியா, கொச்சிக்கெல்லாம் வரண்டாம். புது லேப்டாப் அனுப்பறேன். எத்தற நேரம் ஓடினாலும் சூடே ஆகாது. பழச திருப்பி அனுப்பிடுங்க.”

பாத்திரத்தின் மூடியில் வைத்த கையை அத்தை எடுக்கவில்லை.

“வேண்டாம் சார், இனி அணையாது,” என்றாள் ஸ்ரீப்ரியா மெதுவாக. “எனக்குக் கொஞ்சம் சூடாகிறதுதான் வேணும்.”