ஆர்வோ நின்ற ஏரிக்கரை

திரையில் ஆர்வோவைக் காணோம். ‘புதிய ஆட்டம்’ என்ற ஒரே வரி மின்னிக்கொண்டிருந்தது. வேய்ன் கையில் சால்டரிங் அயர்ன் இன்னும் புகைந்தது.

ஆர்வோ அவனுடைய மாமனார். காலமாகிப் பல வருஷமாகிறது. அவர் ஆடிய பழைய மீன்பிடி விளையாட்டில், அவர் பெயரையே வைத்துக்கொண்டு ஓர் ஆள் ஏரிக்கரையில் தூண்டிலோடு நிற்பான். கேம் கேசட்டுக்குள் இருந்த குட்டி பேட்டரிதான் அவனை அழியாமல் வைத்திருந்தது. வருஷாவருஷம் அவர் பிறந்தநாளன்று குடும்பமே கூடி, ஒரு பட்டனையும் தொடாமல், காபியும் கையுமாக அவனைப் பார்த்துவிட்டு அணைத்துவிடும். பேட்டரி செத்துப்போவதற்குள் மாற்றிவிடலாம் என்று வேய்ன் நல்ல மனசோடுதான் கேசட்டைப் பிரித்தான். பழைய பேட்டரியைக் கழற்றியதுமே அந்த ஆள் அழிந்துபோனான்.

ஞாயிற்றுக்கிழமை பிறந்தநாள். வேய்னின் மனைவி கரினிடம் அப்பாவின் குரல்கூட எந்த டேப்பிலும் கிடையாது. இருந்தது இது ஒன்றுதான்.

போன வருஷம் அந்தத் திரையை எடுத்த போட்டோ இருந்தது: சிவப்புத் தொப்பி, மரப்படகு, பக்கத்தில் நாய். முதலிலிருந்து ஆடி, அதே இடத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டியதுதான். கராஜில் ஒளிந்துகொண்டு ஆடினான்.

“உள்ள என்ன பண்ற?” கதவுக்கு வெளியே கரின்.

“பனி தள்ளுற மெஷின் ரிப்பேர்.”

“நேத்து நல்லாத்தானே ஓடுச்சு?”

“சத்தம் வருது.”

மறுநாள் பக்கத்து வீட்டு கேரியை ஸ்பேனரோடு அனுப்பிவிட்டாள். கேரி நல்ல மனுஷர். மெஷினை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றினார். திரும்ப மாட்டத்தான் தெரியவில்லை. அன்று மாலையே டுலூத் ஊர் முழுக்க முழங்கால் அளவுக்குப் பனி.

வேய்ன் கையாலேயே பனியை அள்ளிக் கொட்டினான். மிச்ச நேரமெல்லாம் மீன் பிடித்தான். ராட்சத மீன் சிக்கினால்தான் சிவப்புத் தொப்பி கிடைக்கும். அது சிக்குவேனா என்றது. இடுப்பு விட்டுப்போனது. கரினின் முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது.

ஞாயிறன்று விருந்தாளிகளின் கார் வாசலில் வந்து நின்றபோதுதான் மீன் மாட்டியது.

எல்லோரும் சோபாவில் உட்கார்ந்தார்கள். கரின் சுவிட்சைப் போட்டாள்.

ஏரிக்கரை. தூண்டில். சிவப்புத் தொப்பி.

“அப்பா அப்படியே நிக்கிறாரு பாரேன்,” என்று கரின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“நாய் அந்தப் பக்கமில்ல இருந்துச்சு?” என்றார் கேரி.

வேய்ன் அவசரமாக ஒரு கேக் துண்டை அவரிடம் நீட்டினான்.

“நாய்னா ஒரு எடத்துலயா நிக்கும்? கேக்கைத் தின்னுய்யா,” என்று மாமியார் லெம்பி அவர் வாயை அடைத்தார்.

பிறகு சமையலறையில் வேய்னுக்குக் காபி ஊற்றிக் கொடுத்த லெம்பி, குரலைத் தாழ்த்தினார்.

“ஒரே வாரத்துல முடிச்சிட்டியே மாப்ளே. முன்னாடி ஒரு தடவ நான் அழிச்சப்ப, அந்தத் தொப்பி கெடைக்கவே எனக்கு ஒரு குளிர்காலம் பூரா ஆச்சு.”