உல்கர் சனத்துக்குச் சேர்த்த போர்வைகள்

திருநகர், மதுரை.

அன்பு மைத்துனர் வீரணன் அவர்களுக்கு,

பாண்டிராஜ் எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் அக்கா ஒச்சம்மாள் சுகம், மகள் ரோகிணி சுகம். நானும் சுகம் என்று எழுதத்தான் கை கூசுகிறது. போனில் சொன்னால் நீங்கள் சிரிப்பது காதில் விழும் என்பதால் கடிதமாகவே எழுதுகிறேன்.

ரோகிணி வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்கு எழுதிக்கொடுக்கிற வேலை பார்ப்பது உங்களுக்குத் தெரியும். டெலிபோன் ஆபீசில் இருந்த காலம் முழுக்க அடுத்தவர் பேச்சை ஒட்டுக்கேட்காத நான், ரிட்டயர் ஆனபிறகு பெற்ற மகள் வேலை விசயமாகப் போனில் பேசுவதை அவள் அறை வாசலில் நின்று கேட்டேன். உல்கர் என்று ஒரு சனமாம், பனிமலைக்கு அந்தப் பக்கம் உல்க்மார் என்பது அவர்கள் நாடாம், விருந்தாளி வந்தால் தோளில் தூக்கித்தான் வீட்டுக்குள் கொண்டுபோவார்களாம், வெயில் பட்டால் கல்லாகிவிடுவார்களாம், இந்தக் குளிருக்கு ரொம்பப் பேர் தாங்க மாட்டார்களாம். கல்லாவது என்றதை நான் மூட்டுவாதம் என்று எடுத்துக்கொண்டேன். மத்தியானம் சாப்பிடும்போது விசாரித்தால், "பாவம்ப்பா அந்தச் சனங்க" என்று சொல்லிவிட்டு ரசம் ஊற்றிக்கொண்டாள். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும், நீயே சொல்லு மாப்ள.

நேரா குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்குப் போயி மைக்கைப் புடிச்சுட்டேன். எம்புட்டு நேரம் பேசுனேன்னு எனக்கே தெரியல, உல்க்மாருக்கு நேர்ல போயிட்டு வந்த மாதிரியே பேசியிருக்கேன், தலைவர் ஜெயபாண்டி அண்ணன் கண்ணாடியக் கழட்டித் தொடச்சுக்கிட்டாரு. மறுநாள்ல இருந்து போர்வையும், கொடைக்கானல் போனப்ப வாங்கி அதோட பீரோவுக்குள்ள போன ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவுமா வந்து குவியுது. பக்கத்து வீட்டுச் செல்லத்தாய் ஒரு சால்வையக் கொண்டாந்துச்சு. அது வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில கடைசியா போர்த்தியிருந்தது. "யாருக்காவது கதகதப்பா இருக்கட்டும்ணே"ன்னு குடுத்துட்டுப் போச்சு.

மூட்டையெல்லாம் அனுப்பி வைக்கிற விழாவுக்கு ரோகிணியவே சிறப்பு விருந்தினரா போட்டுட்டாங்க. புள்ள சந்தோசப்படட்டும்னு விசயத்தச் சொல்லாமக் கூட்டிட்டுப் போனேன். பேனரப் படிச்சவ அப்படியே நின்னுட்டா. அப்புறம் ஜெயபாண்டி அண்ணன்கிட்ட மெதுவா, "பெரியப்பா, அவங்க ட்ரோல்"னா. அவருக்கு முகம் மாறிருச்சு. "யாரம்மா ட்ரோல் பண்றீங்க, அப்பனும் மகளும்?"னு கேட்டாரு. வேற வழியில்லாம, ட்ரோல்னா வெள்ளக்காரன் கதையில வர்ற பூதம், இது கம்ப்யூட்டர் கேமுக்காகத் தானே உண்டாக்குன பூதக் கூட்டம்னு சொல்லி, போன்ல படத்தக் காட்டுனா. பச்ச ஒடம்பு, பலாக்கா மூக்கு, பின்னால வாலு, கையில முழு ஆடு. போன் கை மாறிக் கை மாறிப் போகுது. கடைசி வரிசையில யாரோ சிரிச்சாங்க, அப்புறம் ஹாலே சிரிச்சுச்சு. செல்லத்தாய் மட்டும் எந்திரிச்சு வந்து, மூட்டையில இருந்து அந்தச் சால்வைய உருவி, மடிச்சு எடுத்துக்கிட்டுப் போயிருச்சு. சிரிப்பையெல்லாம் தாங்கிட்டேன் மாப்ள, இதத்தான் முடியல. வீட்டுக்கு வர்ற வழியில ரோகிணி ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா: "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லப்பா."

மீதிப் போர்வைகளை ஒரு முதியோர் இல்லத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். நான் தெருவில் தலைகாட்டுவதில்லை. காய்கறி வாங்கக்கூட திருமங்கலத்துக்கு பஸ் ஏறுகிறேன். நாளைக்கே மாட்டுத்தாவணியில் தஞ்சாவூர் வண்டி பிடித்து உங்கள் வீட்டுக்கு வாரேன், ஒரு மாதம் இருப்பேன். காரணம் யாரிடமும் சொல்ல வேண்டாம். தங்கச்சிக்கு என் விசாரிப்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, பெற்றவர்களுக்குப் புரிகிற வேலைக்குப் போக என் ஆசிகள்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும்
பாண்டிராஜ்

பின்குறிப்பு: நான் வரவில்லை. கவரை ஒட்டும்போது செல்லத்தாய் வாசலில் வந்து நின்றது. வைவதற்குத்தான் வந்திருக்கிறது என்று எழுந்து நின்றேன். "அந்தப் பூதங்களுக்குக் கல்யாணமெல்லாம் எப்படிண்ணே நடக்கும்?" என்று கேட்டது. சங்கத்திலும் கேட்கிறார்களாம், வருகிற ஞாயிற்றுக்கிழமை நான்தான் பேச வேண்டுமாம். இந்தத் தடவை ரோகிணியிடம் முதலிலேயே கேட்டுவிட்டேன். கல்யாணப் பகுதியை இன்னும் எழுதவில்லை, நீங்களே யோசித்துச் சொல்லுங்கள் என்று விட்டுவிட்டாள். பெண் பார்ப்பது முதல் பந்தி வரை எல்லாம் முடித்துவிட்டேன். உல்க்மாரில் மைத்துனன்மாருக்கு எம்புட்டு மரியாதை வைப்பது என்பதில்தான் நிற்கிறது.