தொப்பூர் மேட்டில் நின்றுபோன தாய்மாமன் சீர்

பாப்பிரெட்டிப்பட்டி,
புதன்கிழமை காலை.

ஒசூரில் குடியிருக்கும் மதிப்பிற்குரிய மாப்பிள்ளை மாதவராஜ் அவர்களுக்கு, ஓய்வுபெற்ற நில அளவர் தீர்த்தகிரி எழுதிக்கொள்வது. நான் நலம். உங்கள் அக்கா ராணியம்மாள் முழங்கால் நீங்கலாக நலம். உங்கள் மருமகள் வெண்மதி உடம்பால் நலம். தாய்மாமன் சீர் என்று சொல்லி அவளுக்கு நீங்கள் விட்டுப்போன பழைய டர்போ கார் நலமில்லை. போனில் சொல்லலாம் என்றால், கார் என்று நான் ஆரம்பித்ததுமே உங்களுக்கு டவர் போய்விடுகிறது. ஆகவே எழுத்தில் தருகிறேன்.

விஷயத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். கோயம்புத்தூரில் பந்தயக் கார் கட்டுகிற பட்டறை ஒன்றில் வரும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வெண்மதியை வரச்சொல்லியிருக்கிறார்கள். “நீங்களே டியூன் பண்ணுன வண்டிய நீங்களே ஓட்டிக்கிட்டு வாங்க, அப்புறம் வேலையப் பத்திப் பேசலாம்” என்பது அவர்கள் நிபந்தனை. ஒசூர் கம்பெனியில் இரண்டு வருஷம் போல்ட் முறுக்கிய வேலையை அவள் விட்டுவிட்டு வந்தது இந்த ஒரு திங்கட்கிழமைக்காகத்தான். காரோ இன்றைய நிலையில் கோயம்புத்தூர் என்ன, பக்கத்தில் இருக்கும் பொம்மிடி கூடப் போகாது. நீங்கள் சனிக்கிழமைக்குள் வந்து காரைத் திருப்பி எடுத்துக்கொண்டு, பிள்ளைக்கு நாலு வார்த்தை புத்தி சொல்லவேண்டும். மாமன் சொன்னால் கேட்பாள். நான் சொன்னால் ஆதாரம் கேட்கிறாள்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். நீங்கள் கொடுத்தபோது அந்தக் காரில் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற டர்போ சின்னது, அதைக் கழற்றிவிட்டு இவள் பெரியதாக ஒன்றை மாட்டினாள், மாட்டியதும் காருக்குள் கம்பெனிக்காரன் வைத்த கம்ப்யூட்டர் இவ்வளவு காற்று உள்ளே வருவது தவறு என்று தானே முடிவெடுத்து எஞ்சினை அடக்கிவிட்டது, அரசு ஊழியனாக இருந்த எனக்கு அதன் நியாயம் புரிந்தது, ஆனால் இவள் அதையும் கழற்றிவிட்டுச் சொன்னபடி கேட்கிற தனிக் கம்ப்யூட்டர் வைக்கவேண்டும் என்றாள். அப்படிப்பட்ட கம்ப்யூட்டர்ப் பெட்டிகள் இரண்டு போட்டியில் நின்றன. ஒன்று வெளிநாட்டுப் பெட்டி, எட்டு சிலிண்டர் எஞ்சினைக்கூட ஓட்டும், அதன் விளக்கப் புத்தகம் மட்டும் முந்நூறு பக்கம். இன்னொன்று பெங்களூரில் இரண்டு பேர் சேர்ந்து செய்கிற சின்னப் பெட்டி, நாலு சிலிண்டருக்குச் சரியாக இருக்கும், சந்தேகம் என்றால் போன் எடுத்துக் கன்னடத்திலோ தமிழிலோ பதில் சொல்வார்கள். நான் முறைப்படி ஒப்பீட்டுப் பட்டியல் ஒன்று தயாரித்தேன், பதினான்கு கலம், கடைசியில் ‘குறிப்புரை’, வெளிநாட்டுப் பெட்டிக்குப் பதினோரு இடத்தில் டிக் விழுந்தது. அவள் பட்டியலைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் எழுதினாள். “மொதல்ல எதையெல்லாம் அளக்கணும்னு பாக்கணும்ப்பா. உள்ள போற காத்தோட அழுத்தம், காத்தோட சூடு, தண்ணி சூடு, எஞ்சின் உள்ள தட்டற சத்தம், வெளிய வர பொகையில ஆக்சிஜன் எவ்ளோ இருக்குது, இதான். இத்தனையும் கேட்டுக்கற பொட்டி எதுவோ அது போதும். நாலு சிலிண்டருக்கு எதுக்கு எட்டு?” நிலத்தைப் பார்க்காமல் அளவுச் சங்கிலியை எடுக்கக்கூடாது என்று முப்பத்துநாலு வருஷம் நானும் சொன்னவன்தான். அவள் சொன்னது சரி என்று தெரிந்தது. சொல்லவில்லை.

சின்னப் பெட்டியும் சென்சார்களும் வெள்ளிக்கிழமை பார்சலில் வந்தன. அன்றைக்கு வெண்மதி புகைக்குழாயை வெல்டிங் வைக்கச் சேலம் போயிருந்தாள். புதுக் கருவி வீட்டுக்கு வந்தால் செய்யவேண்டியதை நான் செய்தேன். வாழை இலை போட்டு எல்லாவற்றையும் வரிசையாக வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் காட்டினேன். ஆபீசில் தியோடலைட், டோட்டல் ஸ்டேஷன் என்று எந்த அளவைக் கருவி வந்தாலும் என் கைச் சந்தனம் படாமல் வயலில் இறங்கியதில்லை, ஒன்றுகூடப் பிசகியதும் இல்லை. எந்தப் பொருளையும் விடவில்லை. அந்த ஆக்சிஜன் சென்சாருக்கு முனையில் குமிழ் மாதிரி ஒரு தலை இருக்கிறது, சின்னச் சின்னத் துளையோடு. பொட்டு வைக்க அதைவிட வாகான இடம் வேறெதிலும் இல்லை. வந்து பார்த்தால் சத்தம் போடுவாள் என்பதால் மேலே துடைத்து, பழையபடி அட்டைக்குள் வைத்துவிட்டேன். என் தரப்பில் குறை ஏதும் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சனிக்கிழமை மாட்டினாள். ஞாயிற்றுக்கிழமை ஸ்டார்ட் ஆனது, கூடவே கரும்புகையும். எதிர்வூட்டுக் குள்ளம்மாள் காயப்போட்ட துணியை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினார். திங்கட்கிழமை முழுக்க ஒயரைச் சோதித்தாள், வெல்டிங்கில் காற்று ஒழுகுகிறதா என்று சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள், பெங்களூருக்கு ஒன்பது தடவை போன் போட்டாள். செவ்வாய்க்கிழமை, மேடு ஏற்றிப் பார்த்தால்தான் தெரியும் என்று என்னையும் ஏற்றிக்கொண்டு பொம்மிடி வழியாகத் தொப்பூருக்குப் போனாள். கணவாயில் கீழ்வரை இறங்கித் திரும்பி மேலே ஏறினோம். லேப்டாப் என் மடியில். புகையில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் புகை எண் ஒன்று அதில் வரும், அதை நான் உரக்கப் படிக்கவேண்டும். படித்தேன். ஒன்று புள்ளி மூன்று. ஒன்று புள்ளி மூன்று. மறுபடியும் ஒன்று புள்ளி மூன்று. அடடா, இவ்வளவு ஆடாத அளவை என் சர்வீசில் பார்த்ததில்லை என்று பாராட்டவும் செய்தேன்.

“அது ஆடணும்ப்பா! மேடு ஏறையில மாறலன்னாதான் தப்பு. பெட்ரோலு பத்தலன்னு சொல்லிக்கிட்டே இருக்குது, பொட்டியும் அத நம்பி ஊத்திக்கிட்டே இருக்குது” என்றாள். சொல்லி முடிக்கும்போது கார் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. பின்னால் பதினாறு சக்கர லாரி. அதன் டிரைவர் எங்கள் குலத்தைப் பற்றிச் சொன்னதை உங்கள் அக்கா படிக்கக்கூடும் என்பதால் எழுதவில்லை. ஓரத்தில் டீக்கடை வைத்திருக்கும் அர்ச்சுனன் என்பவர் வந்து தள்ளிக்கொடுத்தார். “இருவது வருசமா கடை வெச்சிருக்கறனுங்க. பிரேக்கு புடிக்காம கீழ எறங்கி வந்த வண்டிங்கதான் நெறைய பாத்தது. மேல ஏற மாட்டாம நின்ன காரு ஒங்களுதுதான்” என்றார், பெருமையாகவே சொன்னார்.

அங்கே நின்றபோது என் மனதுக்குள் சின்னதாக ஒரு நிம்மதி வந்தது. மறைக்க என்ன இருக்கிறது. அவள் கோயம்புத்தூர் போய்விட்டால் வூட்டில் நானும் உங்கள் அக்காவும்தான். நான் சொல்வதைத் தப்பு என்று சொல்லக்கூட ஆள் கிடையாது. “பஸ்ஸுலயே போய் வாயேம்மா” என்றேன். “பஸ்ஸுல போனா என்ன எதுக்குப்பா பாக்கப் போறாங்க?” என்று கேட்டாள். காரைக் கயிறு கட்டி இழுத்து வீடு கொண்டுவந்து சேர்த்தோம். நேற்றிலிருந்து அவளுக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. பெட்டியைத் தேர்ந்தெடுத்ததே தப்பு, வெளிநாட்டுப் பெட்டியாக இருந்தால் இந்த வினை வந்திருக்காது என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். அரசாங்கத்தில் நில அளவர் வேலைக்கு விண்ணப்பம் வாங்கி, அவள் பெயர் வரைக்கும் நானே நிரப்பி வைத்திருக்கிறேன். நீங்கள் வந்து கையெழுத்து மட்டும் வாங்கிக் கொடுத்தால் போதும்.

உங்கள் மனைவிக்கு என் விசாரிப்பு. பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், அவர்கள் நிறையப் படித்து, எதையும் கழற்றாமல் வளரட்டும். நம் முனியப்பன் துணையிருப்பார்.

இப்படிக்கு,
அன்புள்ள மாமா
தீர்த்தகிரி

பின்குறிப்பு: கவரை ஒட்டியபிறகு பிரித்து எழுதுகிறேன். மணி பதினொன்று. வெண்மதி சற்றுமுன் வந்து அந்த ஆக்சிஜன் சென்சாரை இந்தக் கடிதத்தின்மேல் வைத்தாள். முனைத் துளைகளெல்லாம் எதுவோ கட்டிதட்டிக் கருகி அடைத்திருந்தன. மேலே நட்டின் இடுக்கில் மட்டும் சிவப்பாகக் கொஞ்சம் குங்குமம் தப்பியிருந்தது.

“அப்பா, இதுக்குப் பொட்டு வெச்சீங்களா?”

“வெச்சேன்.”

“எங்க?”

காட்டினேன். அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். மூன்று நாளாகச் சிரிக்காத பிள்ளை, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். “பொட்டி சரி, ஒயரு சரி, வெல்டிங்கு சரி, நானும் சரிப்பா!” என்று விரல் விட்டு எண்ணினாள். எனக்கு வெட்கமாக இருந்தது. விண்ணப்பத்தைக் கிழித்துவிட்டேன். அவள் கேட்கவில்லை, நானேதான் கிழித்தேன். பிறகு இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள்.

ஆகவே நீங்கள் வரவேண்டாம், காரையும் கேட்கவேண்டாம், மேலே எழுதியதில் நலம் விசாரித்ததைத் தவிர மற்றதை அடித்துவிடுங்கள். கண்டக்டர் வீரமணியிடம் மத்தியான பஸ்ஸில் இக்கடிதத்தோடு அந்தச் சென்சாரையும் மாதிரிக்குக் கொடுத்தனுப்புகிறேன். இதே எண் போட்டது ஒன்றைப் பெங்களூரிலிருந்து வாங்கி, நாளை சாயங்காலம் அதே பஸ்ஸில் அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை மறுபடியும் தொப்பூர், லேப்டாப் என் மடியில்தான்.

நீங்களும் பக்திமான் என்பதால் ஒரு வார்த்தை. அட்டையைப் பிரிக்காமல் அனுப்புங்கள். இங்கே பயமில்லை, சந்தனக் கிண்ணத்தை வெண்மதி பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டாள்.