சத்தம் கட்டிய தகடு

நெடுஞ்சாலையின் சத்தத்தையே கட்டிப்போடும் மகான் ஒருவர் கிளம்பியிருக்கிறார் என்று ஊரெல்லாம் பேச்சு. பெயர் மௌன சாமி. அவர் வாயை மூடி யாரும் பார்த்ததில்லை. அவர் மந்திரித்த செப்புத் தகட்டை ஜன்னலுக்கு மேல் மாட்டினால் போதுமாம், லாரிச் சத்தம் வாசலோடு நின்றுவிடுமாம். சாலையோரத்தில் சீந்துவாரற்றுக் கிடந்த வீடுகளுக்கு முன்னால் இப்போது வரிசை நின்றது. வீடுகளை விற்கும் தரகரும் சாமியும் அவருடைய சீடரும் ஒரே காரில்தான் வந்து இறங்கினார்கள். அதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. பக்தி வந்தால் யோசனைக்கு விடுமுறைதானே.

தையற்காரரும் யோசிக்கவில்லை. வாடகை வீட்டில் துணி மூட்டைகளுக்கு நடுவே படுத்துப் படுத்து அலுத்துப்போனவர் அவர். வீட்டுக்கான முன்பணம் சட்டைப் பையில் இருந்தது. அதில் பாதி மனைவியின் உழைப்பு. அவள் ஆஸ்பத்திரியில் இரவு நர்ஸ். பகலில் தூங்கினால்தான் இரவில் நோயாளிக்கு ஒழுங்காக ஊசி போட முடியும். இன்றும் வேலை முடிந்து நேராக இங்கேதான் வந்திருந்தாள்.

விலைக்கு வந்த வீடொன்றின் படுக்கையறையில் ஏழெட்டுக் குடும்பங்கள் நெருக்கியடித்து நின்றன. ஜன்னல் விரியத் திறந்திருந்தது. போகிற லாரியெல்லாம் அறைக்குள்ளேயே ஓடுவது போலிருந்தது.

"எல்லாரும் கண்ணை மூடுங்க!" சாமி கத்தினார். "சந்தேகத்தோட பாத்தா சத்தம் கட்டுப்படாது. நான் சொல்றவரைக்கும் தொறக்கக் கூடாது."

தையற்காரர் இறுக மூடிக்கொண்டார். சாமி அடித்த மணி காதைப் பிளந்தது.

"இப்ப தொறங்க."

ஜன்னலுக்கு மேலே ஆணியில் தகடு மின்னியது. கீழே கனத்த திரை தொங்கியது. லாரிகள் எங்கேயோ தூரத்தில் முனகின. தையற்காரருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. திரையின் தையல் நேர்த்தியாக இருக்கிறது என்பதைக்கூடக் கவனித்தார். சற்றுமுன் அந்தத் திரை ஒதுங்கியிருந்ததை மட்டும் கவனிக்கவில்லை. கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

"ஏங்க, கொஞ்சம் இருங்க," என்றாள் மனைவி. "சாமி, தகட்டை எடுத்துப் பாக்கலாமா?"

"தாராளமா பாரும்மா."

அவள் அதைக் கழற்றித் தரகர் கையில் கொடுத்தாள். "அண்ணே, இதோட ரோட்டோரம் போய்க் கொஞ்ச நேரம் நில்லுங்க."

கூட்டமே பார்த்துக்கொண்டிருந்ததால் தரகர் போனார். எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். லாரிகள் முன்போலவே முனகின.

"தகடு போயிடுச்சு. சத்தம் ஏன் திரும்பி வரல?"

"சக்தி சுவத்துல ஊறிடுச்சும்மா," என்றார் சாமி.

"அதுக்குள்ளயா? நல்லதாப் போச்சு."

தரகரைக் கூப்பிட்டுத் தகட்டை மறுபடியும் மாட்டினாள். பிறகு திரையை ஒதுக்கி, மூடியிருந்த ஜன்னலைத் திறந்தாள். இரட்டைக் கண்ணாடி போட்ட ஜன்னல். ஒரு லாரி முழுசாக உள்ளே வந்தது. சக்தி ஊறிய சுவர் அதிர்ந்தது. தகடு ஆணியில் கிடந்து ஆடியது.

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றார் தையற்காரர்.

"ராத்திரியெல்லாம் முழிச்சிருக்கேங்க. கண்ணை மூடினா நின்னபடியே தூங்கிடுவேன்னு மூடல. மணி அடிக்கிறப்ப சீடர் ஜன்னலைச் சாத்தித் திரைய இழுத்துவிட்டாரு."

"சாத்தியே வச்சுட்டா?"

"பட்டப்பகல்ல காத்து இல்லாம இந்த அறையில நீங்க தூங்குவீங்களா?"

தையற்காரருக்கு வெட்கமாகப் போய்விட்டது. பணத்தை அவள் கையிலேயே கொடுத்தார். மௌன சாமி அன்றுதான் முதல்முறையாகத் தன் பெயரைக் காப்பாற்றினார். சீடர் காரை எடுக்க ஓடினார். கூட்டத்தில் ஒருவர் மட்டும், "அந்தத் தகடு தனியா விலைக்குக் கிடைக்குமா?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

ஜன்னலைச் சாத்த ஒரு கை போதும், அதற்குச் சாமி எதற்கு? கண்ணை மூடு என்று இனி எவராவது சொன்னால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "நான் மூடியிருக்கிற நேரத்தில் நீ என்ன செய்யப் போகிறாய்?"